பிளக்கில் மாட்டாத பிளக்-இன் கார்கள்

2024 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2021-இல் பதிவான கார்கள் சாலையில் உண்மையாக எவ்வளவு எரிபொருள் செலவழிக்கின்றன என்பதை வண்டிக்குள் இருக்கும் கருவிகளே பதிந்து வைத்திருந்தன. அந்தக் கணக்கைத் திரட்டிப் பார்த்தபோது, சாதாரணப் பெட்ரோல், டீசல் கார்கள் ஆய்வகச் சோதனையில் காட்டியதைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகக் கரியமில வாயுவை வெளியிடுவது தெரிந்தது. பிளக்-இன் ஹைப்ரிட் கார்களோ சோதனையில் காட்டியதைப்போல் மூன்றரை மடங்கு வெளியிட்டன. காற்றுக்கு நல்லது என்று சொல்லி, வரிச்சலுகையும் கொடுத்து விற்ற வண்டிகள் இவை.

வண்டியின் பொறியியலில் பழுதில்லை. எதிர்பார்த்த அளவுக்கு யாரும் அதற்குச் சார்ஜ் போடவில்லை என்பதுதான் முக்கியக் காரணம்.

சாதாரண ஹைப்ரிட் காரின் பேட்டரி, பிரேக் பிடிக்கும்போதும் எஞ்சின் ஓடும்போதும் கிடைக்கும் மின்சாரத்தை மட்டுமே சேமிக்கும். பிளக்-இன் ஹைப்ரிட்டில் பேட்டரி பெரியது. வெளியிலிருந்தும் சார்ஜ் போடலாம். டொயோட்டாவின் பிரியஸ் பிரைம் 2023 மாடலில் இருப்பது 13.6 யூனிட் பேட்டரி. முழுச் சார்ஜில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் பெட்ரோல் இல்லாமல் போகும். அதற்குமேல் போனால் எஞ்சின் எடுத்துக்கொள்ளும். அமெரிக்க ஓட்டுநர் ஒருவர் சராசரியாக ஆண்டுக்கு 13,500 மைல், அதாவது நாளுக்கு 60 கிலோமீட்டர் ஓட்டுகிறார். ஒவ்வோர் இரவும் சார்ஜ் போட்டால் வேலைநாள் ஓட்டம் அநேகமாக முழுவதும் மின்சாரத்தில் முடிந்துவிடும். போடாவிட்டால், கனமான பேட்டரியைச் சுமந்துகொண்டு ஓடும் பெட்ரோல் காராகிவிடும்.

வீட்டில் சார்ஜ் போட என்ன வேண்டும்? பலர் நினைப்பதைவிட மிகக் குறைவு. சுவரில் மாட்டும் பெட்டியைச் 'சார்ஜர்' என்கிறோம். உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரத்தைப் பேட்டரி ஏற்கும் டிசியாக மாற்றுவது அதுதான். வெளியே இருக்கும் பெட்டி, பாதுகாப்புக் கருவிகள் கொண்ட ஒரு சுவிட்ச் மட்டுமே. அமெரிக்க வீடுகளின் சாதாரண 120 வோல்ட் பாயிண்டில் செருகினாலே பிரியஸ் பிரைம் 11 மணி நேரத்தில் நிறைந்துவிடும். 240 வோல்ட் இணைப்பு இருந்தால் 4 மணி நேரம் போதும். நம் ஊர் வீடுகளில் கீசருக்கும் ஏசிக்கும் வைக்கிற 15 ஆம்ப் பாயிண்ட், 230 வோல்டில் 3 கிலோவாட்டுக்கு மேல் தரும். அமெரிக்கர்கள் தனி வயரிங் இழுத்துப் பெறுகிற அந்த வேகம் இங்கே வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது.

கேபிளைக் காரில் செருகியதும் என்ன நடக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த பொறியியல். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வழங்கும் ஐந்து முனை இணைப்பானில் இரண்டு முனைகள் மின்சாரத்துக்கு, ஒன்று எர்த்துக்கு. மீதி இரண்டும் செய்திக்கு. அவற்றில் ஒன்றில் பெட்டி முதலில் 12 வோல்ட் வைத்துக் காத்திருக்கிறது. கார் இணைந்ததும் உள்ளே இருக்கும் ஒரு மின்தடை அதை 9 வோல்டாக இறக்குகிறது. உடனே பெட்டி விநாடிக்கு ஆயிரம் துடிப்புகளை அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதுதான் சேதி. பாதி நேரம் நீடித்தால் 30 ஆம்ப் வரை எடுக்கலாம் என்று பொருள். கால்பங்கு நேரம் என்றால் 15 ஆம்ப். கார் தயாரானதும் அழுத்தத்தை 6 வோல்டுக்கு இறக்கும். அதன்பிறகே பெட்டிக்குள் ரிலே 'டக்'கென்று விழுந்து, கேபிளில் மின்சாரம் பாயும். ஐந்தாவது முனை, கைப்பிடியின் பொத்தானை அழுத்துவதைக் காருக்குச் சொல்லும். பிளக் வெளியே வருவதற்குள் மின்னோட்டம் நின்றிருக்கும். மழையில் நனைந்த கையோடு கழற்றினாலும் ஷாக் அடிக்காமல் காப்பது இந்த ஏற்பாடு.

ஆபத்து கார்ப் பக்கத்தில் இல்லை, சுவர்ப் பக்கத்தில் இருக்கிறது. ஹேர் டிரையர் பத்து நிமிடம் ஓடும். கார் பத்து மணி நேரம் இழுக்கும். தேய்ந்து தளர்ந்த பாயிண்டில் தொடர்பின் மின்தடை அரை ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். 12 ஆம்ப் பாய்ந்தால் அந்த இடத்தில் மட்டும் 72 வாட் வெப்பம், பழைய குண்டு பல்பு ஒன்று சுவருக்குள் விடிய விடிய எரிவதுபோல. இதனால்தான் அமெரிக்க மின்விதி மூன்று மணி நேரத்துக்குமேல் ஓடும் சுமையைச் சுற்றின் திறனில் 80 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. 15 ஆம்ப் சுற்றில் 12 ஆம்ப்தான். ஷெவர்லே வோல்ட் காரில் 8, 12 என இரண்டு அளவு வைத்ததும் பழைய வயரிங் உள்ள வீடுகளுக்காகவே. சார்ஜ் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். சுட்டால் உடனே நிறுத்தி எலக்ட்ரீஷியனை அழையுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம்.

தினமும் முழுக்க நிரப்பினால் பேட்டரி கெடாதா என்று கேட்பார்கள். 2011 ஷெவர்லே வோல்டின் 16 யூனிட் பேட்டரியில் கார் பயன்படுத்தியது ஏறக்குறைய 10 யூனிட் மட்டுமே. மேலும் கீழும் இடம் விட்டுவைப்பதை வண்டியே பார்த்துக்கொள்கிறது.

பொது இடத்தில் கதை வேறு. பெரும்பாலான பிளக்-இன் ஹைப்ரிட்களின் உள் சார்ஜர் 3 முதல் 7 கிலோவாட்தான். 50 கிலோவாட் நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் பயனில்லை. பலவற்றில் அதற்கான டிசி இணைப்பே கிடையாது. மிட்சுபிஷி அவுட்லேண்டர் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கடைத்தெருவில் ஒரு மணி நேரம் செருகினால் பிரியஸ் பிரைமுக்கு 20 கிலோமீட்டர் கிடைக்கும். அதற்கு எவ்வளவு கொடுக்கலாம்? இந்தக் கார் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 16 யூனிட் மின்சாரமோ, நாலரை லிட்டர் பெட்ரோலோ கேட்கும். ஒரு யூனிட்டின் விலை ஒரு லிட்டர் பெட்ரோல் விலையில் கால்பங்கைத் தாண்டிவிட்டால் காசு மிஞ்சாது. விரைவு நிலையங்கள் பல இந்தக் கோட்டை எளிதாகத் தாண்டுகின்றன. பெட்ரோலே இல்லாத மின்காருக்கு அந்த நிலையம் வழிப்பயணத்தின் உயிர்நாடி; ஹைப்ரிட்டுக்கு அது ஒரு வசதி. வரிசை இருந்தால் விட்டுக்கொடுப்பதே முறை.

அப்படியானால் ஐரோப்பாவில் ஏன் சார்ஜ் போடவில்லை? ஜெர்மனியின் பிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனமும் தூய்மையான போக்குவரத்தை ஆராயும் ஐசிசிடி அமைப்பும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு பதில் தருகிறது. சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் 45 முதல் 49 சதவீதத் தூரத்தை மின்சாரத்தில் ஓட்டினார்கள். நிறுவனம் கொடுத்த காரில் அது 11 முதல் 15 சதவீதம்! ஊழியருக்கு நிறுவனம் பெட்ரோல் கார்டு கொடுக்கிறது. வீட்டில் சார்ஜ் போட்டால் மின்கட்டணம் அவர் தலையில் விழுகிறது. யார் செருகுவார்கள்? அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. சலுகையைக் காருக்குக் கொடுத்துவிட்டு, செருகுவதற்குக் கொடுக்காத அரசுகளும் நிறுவனங்களும்தான் பொறுப்பு. சோதனை விதிமுறை மின் ஓட்டத்தை 70 முதல் 85 சதவீதம் என்று ஊகித்துக்கொண்டதும் கண்ணை மறைத்தது. புதிய மாடல்களுக்கு 2025 முதல் அந்த ஊகத்தை ஐரோப்பா இறக்கியிருக்கிறது. தாமதமானாலும் சரியான முடிவு.

இந்த வகைக் கார் வாங்க நினைத்தால், ஷோரூமுக்குப் போகுமுன் உங்கள் வண்டி இரவில் நிற்கும் இடத்தைப் பாருங்கள். எட்டும் தூரத்தில் எர்த் சரியாக உள்ள ஒரு பாயிண்ட் இருந்தால், அல்லது வைத்துக்கொள்ள முடிந்தால், தாராளமாக வாங்கலாம். முடியாது என்றால் சாதாரண ஹைப்ரிட்டே போதும். விலையும் குறைவு, எடையும் குறைவு.