பல் டாக்டரின் கொட்டேஷன்

புதிதாக கிளினிக் திறக்கும் பல் மருத்துவர், நோயாளி சாயும் நாற்காலிக்கும் எக்ஸ்ரே கருவிக்கும் லட்சக்கணக்கில் கொடுக்கும்போது பெரிதாகத் தயங்குவதில்லை. கண்ணெதிரே இரும்பும் மோட்டாரும் நிற்கின்றன. இணையதளத்துக்கென்று ஒரு கொட்டேஷன் வரும்போதுதான் குழம்பிப்போகிறார். ஒருவர் 15,000 ரூபாய் என்கிறார், இன்னொருவர் ஒன்றரை லட்சம் என்கிறார். இரண்டு தாளிலும் இருப்பவை ஏறக்குறைய அதே வரிகள்: டொமைன், ஹோஸ்டிங், எஸ்எஸ்எல், டிசைன், பராமரிப்பு. கீழே 18 சதவீத ஜிஎஸ்டி.

எந்த வரிக்கு உண்மையிலேயே செலவாகிறது, எந்த வரி யாரோ சிலர் பல ஆண்டுகள் உழைத்து உலகத்துக்கு இலவசமாகவோ அடிமாட்டு விலைக்கோ கொடுத்துவிட்டுப் போனது என்று பார்த்தால், அந்த ஒற்றைத் தாள் சுவாரசியமான ஆவணமாகிவிடுகிறது. பேரம் பேசவும் உதவும்.

டொமைனில் தொடங்கலாம். அதாவது முகவரி. ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் இருக்கும். கணினிகளுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபெய்ன்லரின் குழு எந்தப் பெயருக்கு எந்த எண் என்று ஒரே கோப்பில் எழுதி வைத்திருந்தது. புதிதாக ஒரு கணினியைச் சேர்க்க வேண்டுமென்றால் அலுவலக நேரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். வலையமைப்பு வளர வளர அந்தக் கோப்பு தாங்கவில்லை. 1983இல் கணினி அறிஞர் பால் மொகபெட்ரிஸ் இதற்கு ஒரு தீர்வு சொன்னார். முழுப் பட்டியலையும் யாரும் வைத்திருக்க வேண்டாம், அடுத்து யாரைக் கேட்க வேண்டும் என்பது மட்டும் ஒவ்வொருவருக்கும் தெரிந்தால் போதும் என்பதே அது.

கும்பகோணத்தில் பல் வலியோடு ஒருவர் கிளினிக்கின் முகவரியைத் தட்டுகிறார். அவருடைய இணைய நிறுவனத்தின் கணினிக்கு விடை தெரியாவிட்டால் முதலில் வேர்ச் சேவையகம் ஒன்றைக் கேட்கும். அதற்கும் அந்தக் கிளினிக்கைத் தெரியாது, ‘.இன் என்று முடிகிறதா, அந்தப் பதிவேட்டைக் கேள்’ என்னும். பதிவேடு, ‘இந்தப் பெயருக்குப் பொறுப்பானவர் இன்னார்’ என்று கைகாட்டும். அங்கே கேட்டால் எண் கிடைத்துவிடும். பேருந்து நிலையத்தில் ஒருவரைக் கேட்டு, அவர் தெருவைக் காட்ட, தெருமுனைக் கடைக்காரர் வீட்டைக் காட்டுவது போலத்தான். கண் சிமிட்டும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். கிடைத்த விடையைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்வதால் அடுத்து வருபவருக்கு இந்த அலைச்சலும் இல்லை. உச்சியில் இருக்கும் வேர்ச் சேவையகங்களுக்கு 13 பெயர்கள்தான். ஆனால் அவற்றின் பிரதிகள் உலகெங்கும் 1,500க்கு மேல் ஓடுகின்றன.

1985 மார்ச் 15 அன்று முதல் டாட்காம் பெயரை சிம்பாலிக்ஸ் என்ற கணினி நிறுவனம் பதிவு செய்தது. அப்போது இதற்குக் கட்டணமே கிடையாது. 1995இல்தான் ஆண்டுக்கு 50 டாலர் என்று வசூலிக்கத் தொடங்கினார்கள். இந்தியாவின் .இன் பெயர்கள் 2005இல்தான் எல்லோருக்கும் தாராளமாகத் திறந்துவிடப்பட்டன. இப்போது .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகளும் உண்டு.

ஒரு விஷயம் மட்டும் கவனம். டொமைனை யாரும் விலைக்கு வாங்க முடியாது, வாடகைக்குத்தான் எடுக்க முடியும். முதல் ஆண்டு 99 ரூபாய் என்று கவர்ச்சியாகப் போட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டு ரினியூவலில் பத்து மடங்கு கேட்பது இந்தத் தொழிலின் வாடிக்கை. பட்ஜெட்டில் எழுத வேண்டியது ரினியூவல் விலையை.

எஸ்எஸ்எல் வரியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அதன் அடையாளமாகப் பல உலாவிகளில் முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுக்குப் பின்னால் 1970களின் அபாரமான கணிதம் இருக்கிறது. ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்திராத இரண்டு பேர், ஊரே ஒட்டுக்கேட்கும் இடத்தில் பேசியே தங்களுக்குள் ஒரு ரகசியத்தை உண்டாக்கிக்கொள்ள முடியும் என்று காட்டிய கணிதம் அது. அந்தப் பூட்டுக்கான சான்றிதழை முன்பு காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 2015இலிருந்து லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு அதை இலவசமாகவே கொடுக்கிறது. 2018 ஜூலை முதல் குரோம் உலாவி, பூட்டில்லாத தளங்களைப் ‘பாதுகாப்பற்றது’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது. ஆகவே பூட்டு கட்டாயம் வேண்டும். காசு வேண்டாம். கிளினிக் தளத்துக்கு எஸ்எஸ்எல் என்று தனியாக 3,000 ரூபாய் போட்டிருந்தால் பேனாவை எடுத்து அடித்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்கினாலும் தகவலைப் பூட்டும் வலிமை அதேதான்.

ஹோஸ்டிங் என்பது தளத்தின் கோப்புகள் குடியிருக்கும் கணினிக்கு வாடகை. சிறிய தளத்துக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் போதும். இதில் கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கணினி எங்கே இருக்கிறது என்பதுதான். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. கேட்கப் பெரிய வேகம். ஆனால் சென்னையிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியா நேர்கோட்டிலேயே சுமார் 14,000 கிலோமீட்டர். போய்த் திரும்ப ஒளிக்கே 0.14 நொடி ஆகிவிடும். இணைப்பு கேட்க ஒரு தடவை, பூட்டுப் போட ஒரு தடவை, பக்கத்தைக் கேட்க ஒரு தடவை என்று மூன்று முறையாவது போய்வந்தால்தான் முதல் எழுத்து வரும். அரை நொடிக்குக் கிட்டே போய்விட்டது. அதே கணினி மும்பையில் இருந்தால் ஒரு தடவை போய்வர 0.01 நொடி. எவ்வளவு பணம் கொட்டினாலும் ஒளியின் வேகத்தைக் கூட்ட முடியாது. தூரத்தைத்தான் குறைக்க முடியும். நோயாளிகள் எல்லோரும் தஞ்சாவூர்க்காரர்களாக இருக்கும்போது தளம் வர்ஜீனியாவில் எதற்கு?

இனி, கொட்டேஷனில் வரியே இல்லாத விஷயத்துக்கு வருவோம். படங்கள். பல் மருத்துவரின் தளம் என்றாலே படங்கள்தான்: சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின், கிளிப் போட்ட பல், புதிதாகக் கட்டிய பல்.

கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் 4,000 புள்ளி அகலம், 3,000 புள்ளி உயரம் என்று வையுங்கள். மொத்தம் 1.2 கோடிப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். அப்படியே சேமித்தால் 36 எம்பி. கைப்பேசியில் பார்த்தால் நாலைந்து எம்பிதான் காட்டுகிறது. மீதி எங்கே போனது?

1972இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த நசீர் அகமது, பெங்களூரில் பிறந்தவர், படத்தைச் சுருக்க ஒரு கணித வழி இருக்கிறது என்று தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர்களில் ஒருவர் கருதியதாக அகமது பின்னாளில் எழுதினார். அவர் விடவில்லை. தன் மாணவர் டி. நடராஜனையும் நண்பர் கே. ஆர். ராவையும் சேர்த்துக்கொண்டு வேலையை முடித்தார். 1974 ஜனவரியில் மூவர் பெயரிலும் கட்டுரை வந்தது. 1992இல் வந்த ஜேபெக் படத் தரத்துக்கு அதுதான் உயிர்.

படத்தை 8க்கு 8 என்று சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டுகிறார்கள். ஒரு கட்டத்தில் 64 புள்ளிகள். அவற்றை 64 எண்களாக அப்படியே எழுதாமல், மெதுவாக மாறும் அலை இவ்வளவு, வேகமாக மாறும் அலை இவ்வளவு என்று 64 அலைகளின் கலவையாக எழுதுகிறார்கள். மெதுவான மாற்றங்களை நம் கண் நன்றாகப் பிடிக்கும். பொடிப்பொடியான மாற்றங்களில் கோட்டை விட்டுவிடும். ஆகவே கண் கவனிக்காத அலைகளைத் தோராயமாக வைத்துக்கொள்ளலாம், பலவற்றைத் தூக்கியே போட்டுவிடலாம்.

பல்லின் பரப்பு இதற்கென்றே படைத்தது மாதிரி. வழவழப்பான வெண்மை, ஓரத்தை நோக்கி மெல்ல மங்கும் நிழல். ஒரு கட்டத்துக்கு நாலைந்து அலைகளே போதும். சிக்கல் வருவது ஈறும் பல்லும் சந்திக்கும் கோட்டிலும் கிளிப்பின் கம்பியிலும்தான். அங்கே நிறம் சட்டென்று மாறுகிறது. அளவுக்கு மீறி நசுக்கினால் கம்பியைச் சுற்றி அழுக்குப் படிந்தது போல ஒரு கலங்கல் தெரியும். பல் மருத்துவரின் தளத்தில் பல்லைச் சுற்றி அழுக்கு! எழுத்துக்கும் இதே கதிதான். கிளினிக் நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் போஸ்டராகச் செய்து படமாகப் போடுகிறவர்கள் நிறையப் பேர். எழுத்தின் ஓரம் கசங்கும், எண்ணை நகலெடுக்க வராது, பார்வையற்றவரின் கைப்பேசி அதைப் படித்துக் காட்டவும் தடுமாறும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 எம்பி படங்கள் பத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் 50 எம்பி. நொடிக்கு 5 மெகாபிட் வரும் சுமாரான இணைப்பில் அது முழுதாக வர 80 நொடி. அதே பத்துப் படங்களையும் திரைக்குத் தேவையான அளவுக்குச் சுருக்கி ஒவ்வொன்றையும் 200 கேபிக்குள் கொண்டுவந்தால் மூன்று நொடி அளவில் எல்லாம் வந்துவிடும். சுருக்க ஆகும் செலவு ஒரு மனிதரின் அரை மணி நேரம். தாடையைப் பிடித்துக்கொண்டிருக்கும் நோயாளி 80 நொடி காத்திருக்க மாட்டார், அடுத்த டாக்டருக்குப் போய்விடுவார்.

முகம் தெரியும் படமென்றால் இன்னொரு கணக்கும் உண்டு. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியின் சம்மதத்தைக் கேட்கிறது. விளம்பரம் செய்து நோயாளிகளை இழுப்பதைப் பல் மருத்துவர்களுக்கான நெறிமுறை விதிகள் ஏற்பதில்லை. ‘ஊரிலேயே நம்பர் ஒன்’ என்ற வாசகத்துக்கு டிசைனர் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார், பதில் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

எழுத்தின் எடையைப் பாருங்கள். கணினி அறிஞர் கென் தாம்சன் 1992இல் நியூஜெர்சியில் ஒரு உணவகத்தில் உட்கார்ந்து, மேசைமேல் இருந்த தட்டு விரிப்புக் காகிதத்தில் வரைந்த, எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில், தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். ‘பல்’ என்பதற்கு ப, ல, புள்ளி என்று ஒன்பது பைட். ஆயிரம் சொற்களில் ரூட் கெனாலைப் பற்றித் தெளிவாகத் தமிழில் எழுதினால் 25 கேபி அளவில் முடிந்துவிடும். நன்றாகச் சுருக்கிய ஒரு படத்தின் இடத்தில் அப்படி எட்டுக் கட்டுரைகள் வைக்கலாம். வலிக்குமா, எத்தனை முறை வர வேண்டும், எவ்வளவு ஆகும், சர்க்கரை இருந்தால் பல் எடுக்கலாமா என்றுதான் நோயாளி தேடுகிறார். பெரும்பாலான கிளினிக் தளங்களில் இதற்குத் தமிழில் ஒரு வரி கிடையாது. வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறது. என்னைக் கேட்டால் பட்ஜெட்டில் கணிசமான பங்கு இந்த எழுத்துக்குப் போக வேண்டும். டாக்டர் பேச, எழுதத் தெரிந்த ஒருவர் எழுதித் தர, டாக்டர் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

டிசைன் என்ற வரியில் இருப்பது பெரும்பாலும் வேர்ட்பிரஸ். 2003இல் மேட் மல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் தொடங்கியது; உலகின் இணையதளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் இன்று அதில்தான் ஓடுகின்றன. அந்த மென்பொருள் இலவசம். அதை நிறுவி, அடுக்கி, கைப்பேசியில் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கும் ஆளின் நேரத்துக்குத்தான் காசு. 15,000க்கும் ஒன்றரை லட்சத்துக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் அந்த நேரம்தான். யாருடைய நேரம், எத்தனை மணி என்று கேளுங்கள்.

இலவச மென்பொருளுக்கும் பராமரிப்பு உண்டு. உலகத்தில் எங்கேயோ ஒரு தானியங்கி நிரல் இரவு பகலாகத் தளங்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, பழைய ஓட்டை ஏதாவது அடைபடாமல் இருக்கிறதா என்று. அது தேடுவது ஓட்டையை மட்டும்தான், சின்ன கிளினிக் என்று இரக்கப்படாது. அப்டேட் போடவும் வாராவாரம் பேக்கப் எடுக்கவும் ஆள் வேண்டும். இந்த வரியை வெட்டாதீர்கள். ‘கூகுளில் முதல் இடம் உத்தரவாதம்’ என்ற வரியைத் தாராளமாக வெட்டலாம். முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது.

கடைசியில் ஜிஎஸ்டி. மருத்துவ சிகிச்சைக்குப் பொதுவாக ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால், கட்டிய 18 சதவீதத்தை கிளினிக் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது. 50,000 என்றால் கையை விட்டுப் போவது 59,000.

ஏற்கெனவே தளம் வைத்திருக்கும் டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். டிசைனர் பெயரில் இருந்தால், அடுத்த ரினியூவல் வருவதற்குள் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.