ஆட்டுக்கும் வேண்டும் ஒரு நோட்டு: செம்மறி வளர்ப்போர் அறிய வேண்டிய சட்டமும் கணக்கும்

நிலம் வைத்திருப்பவரிடம் பட்டா இருக்கிறது. வண்டி வைத்திருப்பவரிடம் ஆர்.சி. புத்தகம் இருக்கிறது. தருமபுரி மாவட்டத்தில் முப்பது செம்மறிகளை ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவரிடம் என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இன்றைய சந்தை விலையில் லட்சக் கணக்கான ரூபாய் மதிப்புள்ள சொத்து அது. ஆனால் அது தன்னுடையது என்பதற்கு அவரிடம் உள்ள ஒரே சாட்சி, ஆட்டைப் பார்த்ததும் அடையாளம் தெரியும் அவருடைய கண் மட்டும்தான்.

வானம் பார்த்த பூமியான இம்மாவட்டத்தில் மழை பொய்த்த ஆண்டுகளில் பல குடும்பங்களைத் தாங்கியது ஆட்டுப்பட்டிதான். தோலுக்குப் பெயர்போன மேச்சேரிச் செம்மறி, சேலம், ஈரோடு மாவட்டங்களோடு தருமபுரியிலும் வளர்க்கப்படும் இனம். மேய்ச்சலைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட குரும்பர் குடும்பங்களும் இங்கே உண்டு. அவர்களுக்குச் சட்டம் என்ன கடமைகளை வைத்திருக்கிறது, என்ன உரிமைகளைத் தருகிறது, அவற்றைப் பெற எதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரை.

உரிமம் வேண்டுமா?

கிராமத்தில் வீட்டோடும் காட்டோடும் ஆடு வளர்க்கத் தனி உரிமம் எதுவும் தேவையில்லை. நகராட்சி எல்லைக்குள் வளர்ப்பவர்கள் மட்டும் அங்குள்ள விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘ஆடு வளர்ப்போர் சட்டம்’ என்று தனியாக ஒன்றும் இல்லை. அதனாலேயே சட்டத்துக்கும் ஆட்டுக்கும் தொடர்பே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நோய், போக்குவரத்து, காடு, காப்பீடு என்று ஐந்தாறு இடங்களில் சட்டம் பட்டிக்குள் வந்து நிற்கிறது.

2017இல் மத்திய அரசு கொண்டுவந்த கால்நடைச் சந்தை விதிகளால் ஒரு குழப்பமும் எழுந்தது. இறைச்சிக்காகச் சந்தையில் விற்பதற்கு அவ்விதிகள் போட்ட தடை மாடு, எருமை, ஒட்டகத்துக்கானது. செம்மறியும் வெள்ளாடும் அதில் இல்லை. அந்தத் தடையையும் அதே ஆண்டு நீதிமன்றம் நிறுத்திவைத்தது. ஆட்டைச் சந்தையில் விற்பதற்கு அஞ்சத் தேவையில்லை.

நோய் கண்டால் சொல்வது கடமை

எல்லாவற்றிலும் முக்கியமானது, விலங்குகளில் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2009. இச்சட்டத்தின் பட்டியலில் உள்ள நோய் தன் ஆட்டுக்கு வந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே, கிராம அலுவலரிடமோ ஊராட்சியிலோ உரிமையாளர் தெரிவிக்க வேண்டும். அவர்கள் அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எழுத்துமூலம் தெரிவிப்பார்கள். ஆட்டுக்கொல்லி, ஆட்டம்மை, நீலநாக்கு, கோமாரி, அடைப்பான் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. நோயுற்ற ஆட்டை மற்றவற்றிடமிருந்து பிரித்துக் கட்டுவதும், பொது மேய்ச்சலுக்கும் பொதுக் குட்டைக்கும் விடாமல் வைப்பதும் உரிமையாளரின் பொறுப்பு. நோய் இருப்பது தெரிந்தும் ஆட்டைச் சந்தைக்குக் கொண்டுபோவது குற்றம். செத்த ஆட்டை ஏரியிலோ ஆற்றிலோ வாய்க்காலிலோ போடுவதும் குற்றம். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு.

நடைமுறையில் நடப்பது நேர்மாறானது. பட்டியில் இரண்டு ஆடு செத்ததும், மிச்சத்தையாவது காசாக்கிவிடலாம் என்று அவசர அவசரமாகச் சந்தைக்கு ஓட்டுகிறார்கள். வறுமையில் எடுக்கும் முடிவு அது. அந்த வலி புரிகிறது. ஆனால் நல்லம்பள்ளி போன்ற வாரச்சந்தைக்குப் பல ஊர் ஆடுகள் வருகின்றன. ஒரு பட்டியின் நோய் அன்று மாலைக்குள் பல பட்டிகளுக்குப் போய்விடும்.

ஆடு திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் கசிந்தால் அடைப்பானாக இருக்கலாம். அந்த உடலை அறுக்கவே கூடாது. தோலை உரிக்கவும் கூடாது. மனிதருக்கும் தொற்றும் நோய் அது. மருத்துவருக்குத் தகவல் சொல்லிவிட்டு, அவர் சொல்கிறபடி ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். வீட்டுக்கே வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க 1962 என்ற எண் இருக்கிறது.

அரசூரில் தொடங்கிய கதை

தடுப்பூசிக் கணக்கு ஏன் அவசியம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது. இந்தியாவில் ஆட்டுக்கொல்லி நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987இல், விழுப்புரம் பகுதியைச் சேர்ந்த அரசூரில். அங்கே பிரித்தெடுத்த வைரஸைக் கொண்டே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ‘அரசூர்/87’ என்ற தடுப்பூசியை உருவாக்கியது. மாட்டு வெக்கை நோயை 2011இல் உலகம் ஒழித்தது. அடுத்து 2030க்குள் ஆட்டுக்கொல்லியை ஒழிப்பதென்று உலக அமைப்புகள் இலக்கு வைத்துள்ளன. இந்திய அரசும் அதே இலக்கோடு இலவசத் தடுப்பூசித் திட்டத்தை நடத்துகிறது.

இந்த ஊசியின் பாதுகாப்பு ஏறக்குறைய மூன்று ஆண்டு நிற்கும். நான்கு மாதம் கடந்த குட்டிகளுக்குப் போட வேண்டும். எந்த ஆட்டுக்கு எப்போது போட்டோம், அதற்குப் பிறகு பிறந்தவை எவை என்று எழுதி வைக்காவிட்டால், முகாம் வரும் நாளில் போட்ட ஆட்டுக்கே மறுபடி போடுவோம். போடாத குட்டி விட்டுப்போகும். விட்டுப்போன அந்தக் குட்டிகள் வழியாகத்தான் நோய் திரும்ப வருகிறது. துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசியோ ஆண்டுதோறும், மழைக்கு முன்பே போட வேண்டியது. ஊசிக்கு ஊசி காலக்கெடு வேறு என்பதால் நினைவை மட்டும் நம்ப முடியாது.

தடுப்பூசிச் சான்றிதழில் உரிமையாளர் பெயர், ஆட்டின் இனம், வயது, அடையாளம், ஊசி போட்ட தேதி, மருந்தின் தொகுதி எண் ஆகியவை இடம்பெற வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டுச் சட்டம். முகாமில் கேட்டால் தர வேண்டியது அது. கேட்பவர்தான் குறைவு.

பிரிட்டன் கற்ற பாடம்

ஆட்டின் நடமாட்டத்தை எழுதி வைக்காததன் விலை என்ன என்பதைப் பிரிட்டன் 2001இல் கண்டது. கோமாரி நோய் தொற்றிய செம்மறிகள் சந்தை சந்தையாகக் கைமாறி, நோய் வெளியே தெரிவதற்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டன. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்ற பிறகே நோய் அடங்கியது. இன்று அங்கே ஒவ்வொரு பண்ணைக்கும் எண், ஆட்டுக்குக் காதில் அடையாளம், வந்த ஆடு போன ஆடு எழுதும் பதிவேடு எல்லாம் கட்டாயம். புது ஆடு பண்ணைக்குள் வந்தால் ஆறு நாளைக்குப் பொதுவாக அங்கிருந்து ஆடு வெளியே போக முடியாது. நம்மூரில் அந்த அளவுக்குக் கட்டாயம் இல்லை. ஆனாலும் சந்தையில் வாங்கிய ஆட்டை இரண்டு, மூன்று வாரம் தனியே கட்டிப் பார்த்துவிட்டுப் பட்டியில் சேர்ப்பதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை.

லாரியிலும் நடையிலும்

விலங்குகள் போக்குவரத்து விதிகள், 1978இன்படி ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணமானால் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று கட்டாயம். அனுப்புகிறவர், பெறுகிறவர் முகவரி, ஆடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதிய சீட்டும் கூடவே போக வேண்டும். நாலரை, ஐந்து டன் லாரியில் ஏற்றக்கூடியது நாற்பது ஆடுகள்தான். அடியில் ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்கு வைக்கோல் பரப்ப வேண்டும். செம்மறியையும் வெள்ளாட்டையும், கிடாவையும் பெட்டையையும் தடுப்பு வைத்துப் பிரிக்க வேண்டும். பண்டிகை நெருங்கும்போது இந்த எண்ணிக்கை காற்றில் பறப்பதை நெடுஞ்சாலையில் போகும் எவரும் பார்க்கலாம். மூச்சுமுட்டிச் சாகும் ஆட்டின் நட்டம் கடைசியில் வளர்த்தவரின் விலையில்தான் வந்து விழுகிறது.

நடத்தி ஓட்டிச் செல்வதற்கு 2001இல் தனி விதிகள் வந்தன. கிளம்பும் ஊர் எல்லையிலிருந்து சேருமிடம் ஐந்து கிலோமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அவை பொருந்தும். உடல்நலச் சான்றும் தடுப்பூசிச் சான்றும் கையில் இருக்க வேண்டும். இருட்டிய பிறகும் விடிவதற்கு முன்பும் ஓட்டக் கூடாது. நொண்டி, நோயாளி ஆடுகளையும், குட்டி போட்டு 72 மணி நேரம் ஆகாத தாயையும் நடத்தக் கூடாது. வயலில் கிடை போட மாவட்டம் தாண்டிப் போகிறவர்கள் தடுப்பூசிச் சான்றை மடியில் வைத்துக்கொள்வது நல்லது. போகிற ஊரில் நோய் கிளம்பினால் முதலில் பழி விழுவது வெளியூர் மந்தை மீதுதான்.

காட்டோரம் மேய்ப்பவர்களுக்கு

காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியின்றி மேய்ப்பது தமிழ்நாடு வனச் சட்டம், 1882இன்படி குற்றம். ஆடும் இதில் அடக்கம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்கு விதித்த தடையைப் பின்னர் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காவிரிக் காட்டோர ஊர்களில் மேய்ப்பவர்கள், தங்கள் மேய்ச்சல் இடம் எந்த எல்லைக்குள் வருகிறது என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 33ஏ பிரிவு, சரணாலயத்துக்குள்ளும் அதைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள்ளும் உள்ள கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்யும் பொறுப்பைத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தருகிறது. காட்டு விலங்குகளுக்கு நோய் போகாமல் தடுக்கும் ஏற்பாடு அது. எல்லையோர ஊர்கள் இதைக் கேட்டுப் பெறலாம். இன்னொரு பக்கம், வன உரிமைச் சட்டம், 2006 தலைமுறை தலைமுறையாக மேய்த்துவந்த சமூகங்களின் மேய்ச்சல் உரிமையை அங்கீகரிக்கிறது. அந்த உரிமையைக் கிராம சபை வழியாகக் கோர வேண்டும். எங்கே, எந்த மாதம், எத்தனை ஆடு மேய்த்தோம் என்று காட்டப் பழைய மேய்ச்சல் சீட்டு ஒன்று கிடைத்தாலும் அது ஆதாரம்.

காசாகும் காகிதங்கள்

காப்பீடு: ஆட்டின் காதில் மாட்டும் எண்ணிட்ட காதுவில்லை இல்லாமல் இழப்பீடு இல்லை என்பதே கால்நடைக் காப்பீட்டின் அடிப்படை. தேசியக் கால்நடை இயக்கத்தில் 2024 மாற்றத்துக்குப் பிறகு வளர்ப்பவர் கட்டவேண்டிய பங்கு, பிரீமியத்தில் 15 சதவீதம்தான். காதுவில்லை கழன்று விழுந்தால் உடனே மருந்தகத்தில் சொல்லிப் புதிது போட்டு, அந்த எண்ணைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். ஆடு செத்தால் புதைப்பதற்கு முன் பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்க வேண்டும்.

பேரிடர் நிவாரணம்: வெள்ளம், இடி, மின்னலில் இறந்த ஆட்டுக்கு, பேரிடர் நிவாரண நிதி விதிகளின்படி ஓர் ஆட்டுக்கு 4,000 ரூபாய் கிடைக்கும். கால்நடை மருத்துவரின் சான்றும் கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையும் இல்லாமல் அது நகராது.

கடன், மானியம்: விவசாயக் கடன் அட்டை இப்போது ஆடு வளர்ப்போருக்கும் உண்டு. நூறு பெட்டை, ஐந்து கிடா முதல் ஐந்நூறு பெட்டை, இருபத்தைந்து கிடா வரையிலான பண்ணைகளுக்குத் தேசியக் கால்நடை இயக்கம் 50 சதவீத மானியம் தருகிறது. அதன் உச்சவரம்பு பண்ணையின் அளவுக்கேற்ப 10 லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரை. இரண்டு, மூன்று ஆண்டு வரவு செலவைக் காட்டினால் வங்கியில் பேச்சே மாறும்.

திருட்டு: குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில், திருட்டுப் போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவா என்பதைப் பொறுத்து வழக்கின் தன்மை மாறுகிறது. ஆட்டின் எண், எடை, படம், வாங்கிய விலை ஆகியவை இருந்தால்தான் காவல் நிலையத்தில் அந்த மதிப்பை உறுதியாகச் சொல்ல முடியும்.

நோட்டில் என்ன எழுதுவது?

நீளக் கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். ஐந்து பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

1. ஆட்டுப் பட்டியல்: காதுவில்லை எண், நிறமும் அடையாளமும், பிறந்த அல்லது வாங்கிய தேதி, தாயின் எண், கிடாவின் எண்.

2. சினை, ஈத்து: கிடா சேர்ந்த தேதி, ஈன்ற தேதி, குட்டிகள் எத்தனை, பிழைத்தவை எத்தனை. சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள் என்பதால் தேதி தெரிந்தால் கடைசி மாதத் தீவனத்தைக் கூட்டலாம். தன் குட்டியோடு தானே சேராதபடி கிடாவை மாற்றும் காலமும் இதில் தெரியும்.

3. ஊசி, மருந்து: நோயின் பெயர், தேதி, மருந்தின் தொகுதி எண், போட்டவர் பெயர். மருந்து கொடுத்த ஆட்டை எத்தனை நாள் கழித்து அறுப்புக்கு விற்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டு அதையும் எழுத வேண்டும்.

4. வந்தது, போனது: யாரிடம் வாங்கினோம், யாருக்கு விற்றோம், எந்தச் சந்தை, என்ன விலை. சந்தையின் சுங்கச் சீட்டை அதே பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வாரத்துக்கு, அதாவது குட்டியில் பங்கு என்று பேசி, மற்றவரிடம் வளர்க்க விட்ட ஆடுகளுக்கு இருவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கம் இருந்தால், குட்டி பங்கிடும்போது சண்டை வராது.

5. இழப்பு: செத்த தேதி, காரணம், சான்று எண்.

எழுதத் தெரியாதவர் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும். செல்பேசியில் ஒவ்வோர் ஆட்டையும் காதுவில்லை எண் தெரியப் படம் எடுத்து வைப்பதும் பதிவுதான். நோட்டை முறையாகத் தொடங்கக் கால்நடை மருந்தகத்திலோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஆலோசனை கேட்கலாம்.

அரசின் பங்கும் இதில் இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய 21ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில்தான் ஊர் ஊராக நகரும் மேய்ச்சல்காரர்களின் மந்தைகள் முதன்முறையாகத் தனியே கணக்கிடப்பட்டன. கணக்கில் வந்தவர்களுக்கு ஊசி, சான்று, காப்பீடு ஆகியவை தேடி வர வேண்டும். தடுப்பூசி முகாமில் ஊசியோடு தமிழில் அச்சிட்ட ஒரு பட்டிப் பதிவேட்டையும் கையில் கொடுத்தால், கால்நடைத் துறைக்குப் பெரிய செலவு ஆகாது. அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை மருந்தகத்துக்குப் போகும்போது நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். போட்ட ஊசியை மருத்துவர் கையாலேயே எழுதி வாங்குங்கள்.