விரல் போனால் முதலில் எழுத வேண்டியது

அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ் ஓட்டியவன் நான். வலது கை ஆள்காட்டி விரலில் இப்போது அடிக்கணு மட்டும்தான் மிச்சம்.

விரலைக் காவு வாங்காத பிரஸ்ஸும் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் ஸ்ட்ரோக் இறங்கும் என்றிருந்தால், தகட்டை அழுத்தும் அச்சான டைக்குள் கை இருக்க வழியே இல்லை. டைக்கு முன்னால் சென்சார் இருந்தால், கை நுழைந்ததுமே மெஷின் நின்றுவிடும். ஆனால் இரண்டுமே பீஸ் கணக்கைக் குறைக்கும். அதனால் ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிவிடுவதும், கால் பெடலை மாட்டுவதும் சின்னப் பட்டறைகளில் சகஜம். கிளட்ச் தேய்ந்த பிரஸ், ஒரு மிதிக்கு இரண்டு தடவை இறங்கும். தகட்டை எடுக்கக் கை நீட்டியபோது எனக்கு விழுந்தது அந்த இரண்டாவது அடி.

துண்டான விரலை நேராக ஐஸில் போடக் கூடாது; சதை உறைந்து கெட்டுவிடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். அப்படிக் கொண்டுபோனால் பல மணி நேரம் கழித்தும் ஒட்டவைக்க வாய்ப்புண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. என் விரல் கூழாக நசுங்கியிருந்ததால் அந்த வாய்ப்பு இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த சூப்பர்வைசர், “தம்பி, இ.எஸ்.ஐ.ன்னா இழுத்தடிப்பாங்க. செலவை நாங்க பார்த்துக்கறோம். வீட்டுல அடிபட்டதுன்னு சொல்லிடு” என்றார். பக்கத்து மெஷின் அண்ணன் அவர் போகும்வரை காத்திருந்து, “டாக்டர் கேட்டா பிரஸ்ஸுல அடிபட்டதுன்னு சொல்லுடா, சீட்டுல அதை எழுத வை” என்றார். அந்த ஒரு வரிதான் எனக்கு இன்றைக்கும் சோறு போடுகிறது.

வேலையில் பட்ட அடி என்று பதிவானால், சிகிச்சைக் காலத்தில் நாள் சம்பளத்தில் 90 சதவீதம் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு தரும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் பாதுகாப்பு உண்டு. பிறகு மெடிக்கல் போர்டு ஊனத்தை மதிப்பிடும். சட்ட அட்டவணையில் ஒவ்வொரு கணுவுக்கும் கணக்கு இருக்கிறது: கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 14, அதில் இரண்டு கணுவுக்கு 11, சுண்டுவிரலுக்கு 7. நாள் சம்பளம் 600 என்றால் அதில் 90 சதவீதம் 540 ரூபாய். அதில் 11 சதவீதம் 59 ரூபாய் 40 காசு. மாதத்துக்குச் சுமார் 1,780 ரூபாய், ஆயுள் முழுக்க. சின்னத் தொகைதான். ஆனால் சூப்பர்வைசர் கவரில் நீட்டும் பணம் ஒரு பொங்கலோடு தீர்ந்துவிடும்.

பத்துப் பேருக்குக் குறைவான பட்டறை பெரும்பாலும் இ.எஸ்.ஐ.க்குள் வராது. அங்கே முதலாளியே நஷ்டஈடு தர வேண்டும். தராவிட்டால் தொழிலாளர் துறையில் மனுப் போடலாம். 15,000 ரூபாய் சம்பளம் வாங்கும் 30 வயதுக்காரருக்கு இதே இரண்டு கணு போனால், கணக்குப்படி இரண்டு லட்சத்துக்கு மேல் வரும்.

கணக்கில் வராத நஷ்டமும் உண்டு. குழம்புச் சோற்றைப் பிசைந்தால் பருக்கை நழுவும். சட்டைப் பட்டன் போட நேரமாகும். ரேஷன் கடை மெஷினில் வேறு விரலை வைத்து ரேகை எடுக்கும்வரை பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். இல்லாத விரல் நுனி சில ராத்திரிகளில் அரிக்கும், சொறிய இடமிருக்காது.

வேலைக்கு வரும் புதுப் பையன்களுக்கு நான் சொல்வது இதுதான்: இ.எஸ்.ஐ. நம்பரைக் கேட்டு வாங்கிவிட்டு மெஷினைத் தொடு. அடிபட்டால் ஆஸ்பத்திரிச் சீட்டில் மெஷின் பெயர், நேரம் இரண்டும் இருக்கிறதா பார். வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதே.