கைமாறும் குட்டி ரயில்

படம் பார்த்து இணையத்தில் வாங்குவதா, நேரில் போய் ஓட்டிப் பார்த்து வாங்குவதா? தங்கவயலில் ஒரு பழைய ரயில் பெட்டி எழுப்பிய கேள்வி.

மாரிக்குப்பத்தில் அதிகாலை ரயில் கிளம்பும்போதே கூட்டம் நெரிகிறது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட பிறகு கோலார் தங்கவயலில் பலருக்கும் பிழைப்பு பெங்களூரில்தான். பவ்ரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருபேட்டை) சுரங்கத்துக்காக 1894இல் போட்ட பத்து மைல் பாதை இப்போது ஆட்களைச் சுமக்கிறது. அதே ரயிலில் சில ஞாயிறுகளில் இந்தக் கட்டுரையாளர் போவது வேறொரு ரயிலைத் தேடி: உள்ளங்கையில் அடங்கும் பழைய மாடல் இன்ஜினை.

தங்கவயலில் அதற்குக் கடை கிடையாது. சென்னையில் ஒரு காலத்தில் மூர் மார்க்கெட் இருந்தது, 1985இல் எரிந்துபோனது. பெங்களூர் பி.வி.கே. அய்யங்கார் சாலையின் ஞாயிறு சந்தையில் பழைய கடிகாரம், கேமரா எல்லாம் உண்டு. ரயில் கிடைப்பது அதிர்ஷ்டம். புதிதாக வாங்கலாம் என்றால், பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023இல் 70ஐத் தொட்டது. மிஞ்சுவது இணையம். 'ஈபே'யின் இந்தியத் தளம் 2018இல் மூடப்பட்டதால், அந்த வழியில் வாங்க வேண்டுமென்றால் இனி வெளிநாட்டு விற்பனையாளரை நாட வேண்டும். தபால் செலவு சில சமயம் இன்ஜின் விலையை எட்டிவிடும்.

அப்படி வந்த ஓர் இன்ஜின் படத்தில் பளபளத்தது. பிரித்துப் பார்த்தால் அடிச்சட்டத்தில் முடி அளவு விரிசல். சில மாதங்களில் பிஸ்கட்போல் உதிர்ந்தது. பழைய துத்தநாக வார்ப்புகளுக்கு வரும் வியாதி இது. வார்க்கும்போது ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டால் போதும்; பல ஆண்டுகள் கழித்து உலோகம் உப்பி, வெடித்து, நொறுங்கும். ஒட்டவைக்க வழியில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கலாமே என்று விற்றவர் மரியாதையாகப் பதில் எழுதினார். திருப்பி அனுப்புவதானால் தபால் செலவு நம் தலையில்.

இன்னொரு கண்ணி தண்டவாளம். ஹார்ன்பி 'டப்லோ' ரயில்கள் 1938இல் வந்தபோது மூன்று தண்டவாளங்களில் ஓடின. நடுத் தண்டவாளம் மின்சாரத்துக்கு. 1959இல் இரண்டு தண்டவாள முறைக்கு மாறினார்கள். பழைய முறை இன்ஜினைப் புதிய பாதையில் வைத்தால் சக்கரங்கள் வழியே ஷார்ட் சர்க்யூட் ஆகும். அட்டைப் பெட்டியின் அழகில் மயங்கி வாங்குபவர்கள் இதைக் கேட்க மறக்கிறார்கள்.

நேரில் என்றால் சட்டைப்பையில் ஒன்பது வோல்ட் பேட்டரியும் இரண்டு துண்டு ஒயரும் போதும். மோட்டார் முனகுகிறதா, சுழல்கிறதா, கருகிய வாடை அடிக்கிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சக்கரத்தை விரலால் ஆட்டிப் பார்க்கலாம். எந்தப் படத்துக்கும் வாசனை கிடையாது.

ஆனால் நேரில் வாங்குவதில் வேறொரு சங்கடம் உண்டு. சாம்பியன் ரீஃப்ஸில் ஒரு லைன் வீடு. 1956இல் சுரங்கங்களை மைசூர் அரசு எடுத்துக்கொண்ட பிறகு ஊர் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், பங்களாவில் வேலை பார்த்த தன் மாமனாருக்குக் கொடுத்துவிட்டுப் போனது என்று வயதான அந்த அம்மா பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். மூன்று தண்டவாள இன்ஜின், நான்கு வேகன்கள். பேட்டரி வைத்ததும் மோட்டார் சுழன்றது. பழைய இரும்புக்காரர் இருநூறு சொன்னாராம். ஐந்நூறு கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றார் அந்த அம்மா.

இணையத்தில் அதன் விலை அதைப்போலப் பல மடங்கு என்பது வாங்க வந்தவனுக்குத் தெரியும், விற்பவருக்குத் தெரியாது. பேசாமல் ஐந்நூறை நீட்டியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இதுவரை ஏமாந்த கணக்கை அன்றே நேர் செய்திருக்கலாம். கை சட்டைப்பைக்குப் போனதும் உண்மை. ஆனால் வெளியே வந்தது செல்போன். விற்றுப்போன விலைகளை அவர் மகனிடம் காட்டியதும் பெட்டி மறுபடி பரணுக்கு ஏறிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து அந்த இளைஞரே கூப்பிட்டார். இணையத்தில் போடப் படம் எடுக்க வேண்டும், எந்தப் பக்கம் காட்டுவது என்று கேட்டார். ஒரு வேகன் சக்கரத்தில் விரிசல் இருந்தது. அதையும் கிட்டத்தில் எடுக்கச் சொன்னபோது, விலை குறையுமே என்று தயங்கினார். குறைந்தது. இருந்தும் ஐந்நூறுக்குப் பக்கத்தில் இறங்கவில்லை. பார்சல் மாரிக்குப்பம் ரயிலிலேயே பெங்களூர் போனது. வாங்கியவர் நேரில் வந்து பெற்றுக்கொண்டார், கையில் ஒன்பது வோல்ட் பேட்டரியுடன்.