மூடிய கதவுக்கு இந்தப் பக்கம்

என் மகனுக்கு 27 வயது. நான்கு வருடக் காதல் முறிந்து மதுரைக்குத் திரும்பியவன், பதினொரு நாள் மாடியறையை விட்டு இறங்கவில்லை. வைத்த தோசை தட்டிலேயே காய்ந்து கிடக்கும். "விடுடா, வேற பொண்ணா கிடைக்காது?" என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் சுருங்கியது. சொல்லியிருக்கவே கூடாது.

காதல் முறிந்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்த அமெரிக்க ஆய்வொன்று 2011இல் வெளியானது. பிரிந்தவரின் படத்தைப் பார்த்தபோது, கையில் சூடு பட்டால் விழிக்கும் பகுதிகள் சிலவும் விழித்துக்கொண்டன. பிள்ளை வலிக்கிறது என்றால், மெய்யாகவே வலிக்கிறது.

பிறகு நான் புத்தி சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். பன்னிரண்டாம் நாள், "அம்மா, காபி இருக்கா?" என்றான்.

சாவைப் பற்றிப் பிள்ளை பேசினால் மட்டும் காத்திருக்காதீர்கள். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.