இருக்கன்குடியில் 2 கங்கையா? ஊர் பெயருக்குப் பின்னால் ஓடும் ஆறுகள்

ஆடி கடைசி வெள்ளி வந்துவிட்டால் சாத்தூர் பக்கம் ரோடு முழுக்க பாதயாத்திரை கூட்டம்தான். இருக்கன்குடி மாரியம்மனைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் கிடையாது. ஆனால், 'இருக்கன்குடி' என்றால் என்ன அர்த்தம்?

இரு + கங்கை + குடி. இரண்டு கங்கைகளுக்கு நடுவே இருக்கும் ஊர். 'இருகங்கைக்குடி' என்பதுதான் நாளடைவில் இருக்கன்குடி ஆனது என்கிறார்கள்.

கரிசக்காட்டில் ஏது கங்கை என்று கேட்கலாம். கோயிலுக்கு வடக்கே அர்ச்சுனா நதி, தெற்கே வைப்பாறு. இரண்டும் இங்கேதான் சேர்கின்றன. வனவாசத்தில் இருந்த அர்ச்சுனன், நீராட தண்ணீர் இல்லாமல் பூமியில் அம்பு விட, கங்கை பொங்கி அர்ச்சுனா நதி ஆனதாம். வைப்பாற்றின் கதை இன்னும் சுவாரசியம். அகத்தியர் புண்ணிய நதிகளை எல்லாம் ஒரு குடத்தில் அடைத்து இங்கே புதைத்து வைத்தார். ராமர் அம்பு எய்து அதை உடைத்தார். 'வைத்த' ஆறு, வைப்பாறு! இவை தலபுராணக் கதைகள், சரித்திரம் அல்ல. ஆனால், ஆற்றையே கங்கை என்று சொல்வது புதுசு இல்லை. இலங்கையின் பெரிய ஆறு மகாவலி கங்கை. சிங்களத்தில் 'கங்க' என்றாலே ஆறுதான்.

ஊர்க்காரர்கள் வாயில் இது 'இருக்கங்குடி'. அட, அதிலேயே 'கங்' இருக்கிறதே என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். 'என்கிட்ட' என்பதையும் நாம் 'எங்கிட்ட' என்றுதான் சொல்கிறோம். 'ன்' பக்கத்தில் 'க' வந்தால் பேச்சில் 'ங்' ஆகிவிடும். எனவே உச்சரிப்பை மட்டும் வைத்து கங்கையை உறுதி செய்ய முடியாது. இந்த விளக்கத்துக்குப் பலம் சேர்ப்பது ஊரின் அமைப்புதான்.

ஆறுகள் கூடும் இடத்துக்கு அதை வைத்தே பெயர் வைப்பது உலக வழக்கம். ரைன், மோசல் ஆறுகள் சேரும் இடத்தை ரோமானியர்கள் லத்தீனில் 'கான்ஃப்ளுவென்டெஸ்' என்றார்கள். சேர்ந்து பாய்பவை என்று பொருள். அதுதான் இன்றைய ஜெர்மனியின் கோப்லென்ஸ். நம்ம ஊரில் பாலாறு, செய்யாறு, வேகவதி கூடும் இடம் திருமுக்கூடல்.

பெயரில் 2 கங்கை இருந்தாலும், மழைக்காலம் போனால் இரண்டு ஆற்றிலும் பெரும்பாலும் மணல்தான். சாணம் பொறுக்க வந்த பெண் கூடையை இறக்கி வைக்க, அது நகராமல் போய், தோண்டியபோது அம்மன் சிலை கிடைத்ததாகச் சொல்லும் கோயில் கதையும் ஆற்றுப் படுகையில்தான் நடக்கிறது. இந்த 2 ஆறுகளிலும் எப்போதாவது வரும் தண்ணீரைத் தேக்கத்தான் இருக்கன்குடியில் அணையும் கட்டப்பட்டது.