தீவகத்தாரும் நகரத்து நாடக அரங்கும்

நெடுந்தீவிலிருந்து கொழும்புக்குச் செல்பவர் நாடகம் பார்ப்பதற்கென்றே செல்வது அரிது. கடவுச்சீட்டு, கண் வைத்தியம், மகனின் நேர்முகப் பரீட்சை என ஏதோ ஒரு காரியமே அவரை இழுத்துச் செல்கிறது. குறிகட்டுவான் வரை படகு, யாழ்ப்பாணம் வரை பேருந்து, அதன்பின் இரவுப் புகைவண்டி. காரியம் முற்பகலில் முடிந்துவிட்டால் மாலைப் பொழுது முழுவதும் அவர் கையில் மிஞ்சுகின்றது. அந்த மாலையைக் கடைவீதியிற் கழித்துவிட்டு ஊர் திரும்புவோரே பலர்.

இது சிறிய இழப்பன்று. கூத்து தீவகத்தாருக்குப் புதிதல்ல, வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை விடியும்வரை விழித்திருந்து பார்த்த தலைமுறை இங்கு இருந்தது. ஆயின் இன்று ‘நாடகமும் அரங்கியலும்’ என்பது பாடசாலைப் பாடமாகிவிட்டது. படச்சட்ட மேடையைப் பற்றியும் ஒளியமைப்பைப் பற்றியும் பிள்ளை பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கிறது. திரை விலகும் மேடையொன்றின் முன் ஒருமுறையேனும் அமராத பிள்ளை அவற்றை மனனஞ் செய்துதான் எழுத முடியும். தந்தையின் கொழும்புப் பயணத்தோடு அப்பிள்ளையும் செல்லுமாயின், அந்த ஒரு மாலை பல பாடவேளைகளுக்கு நிகராகும்.

நாடகச் சீட்டு விலை அதிகம் என்னும் அச்சமே பலரைத் தடுக்கின்றது. சீட்டின் இயல்பை அறிந்தால் அவ்வச்சம் குறையும். மாலைச் சந்தையில் விற்காத மீன் எப்படியோ, அப்படியே திரை எழும்வரை விற்காத ஆசனமும். அதன்பின் அதற்கு விலையே இல்லை. நியூயோர்க் நகரத்தார் இவ்வுண்மையை ஒரு முறையாகவே அமைத்துக்கொண்டனர். அன்றைய நாடகங்களுக்கு எஞ்சிய சீட்டுகளைப் பெருந்தள்ளுபடியில் விற்கும் கூடம் 1973இல் அங்குத் திறக்கப்பட்டது. 1980இல் இலண்டனிலும் அத்தகையதொன்று தோன்றிற்று. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் செல்லும் பெற்றோர் இதை நினைவிற் கொள்வது நன்று. நம் தீவகத்தாருள் அப்படிச் செல்வோர் சிலரல்லர்.

கொழும்பில் அத்தகைய கூடம் இல்லை, விசாரித்தறிய வேண்டும். லயனல் வென்ற் அரங்கு 1953இல் திறக்கப்பட்டது. முதற்காரியமாக அதன் சீட்டுக் கருமபீடத்தில் மிகக் குறைந்த விலைச் சீட்டு எது, மாணவருக்குச் சலுகை உண்டா என்று கேட்க வேண்டும். கேட்பதில் கூச்சம் ஆகாது. பின்வரிசையிலிருந்தும் வசனம் தெளிவாகவே கேட்கும். வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் அறிவித்தற் பலகையையும் ஒருமுறை பார்த்துவரலாம்; கட்டணமில்லாத நிகழ்ச்சிகள் அங்கு அடிக்கடி நடைபெறும்.

சிங்கள நாடகம் நமக்கு விளங்காது என்று ஒதுக்குவோரும் உளர். இது சரியன்று. எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ நாடகம் 1956இல் இதே லயனல் வென்ற் அரங்கிலேயே முதன்முதல் மேடையேறியது. அது சிங்கள ‘நாடகம’ மரபைத் தழுவியது. அம்மரபோ கத்தோலிக்கர் வழியாகத் தமிழ்க் கூத்திலிருந்து பிறந்தது. ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கூத்துப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அதன் இசை அந்நியமாய்த் தோன்றாது. அத்தகைய நாடகம் மேடையேறும் நாளில் கொழும்பிலிருப்பவர் அதைத் தவறவிடலாகாது.

சென்னைக்குப் போவோரின் நிலை வேறு. அங்கு நாடகம் சபாக்களின் கையில் இருக்கின்றது. ஆண்டுச் சந்தா செலுத்திய உறுப்பினர் சீட்டு வாங்காமலே பார்ப்பார். உறுப்பினரான உறவினர் ஒருவர் மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ இருந்தால் அவருடன் செல்ல வழி பிறக்கும். மார்கழிப் பருவம் பெரிதும் இசைக்கும் நடனத்துக்கும் உரியது. பிற்பகற் கச்சேரிகள் பலவற்றுக்கு அப்போது கட்டணமில்லை. நாடகத்தை நாடுவோருக்குக் கோடையே ஏற்றது. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழா அக்காலத்ததே. 2023இல் தொடங்கிய நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலில் செல்லக் கருதுவோருக்கும் கடல் அடங்கியிருக்கும் கோடையே வசதி.

இனி, மிக அண்மையிலுள்ள நகரம் யாழ்ப்பாணம். தவக்காலத்தில் திருமறைக் கலாமன்றத்தின் திருப்பாடுகளின் காட்சி, பல்கலைக்கழகத்துக் கைலாசபதி கலையரங்கில் மாணவர் அளிக்கைகள், வீரசிங்கம் மண்டபத்து நிகழ்ச்சிகள் எனப் பார்ப்பதற்குக் குறைவில்லை. தடை சீட்டன்று, படகு. ஊர்காவற்றுறையாரும் வேலணையாரும் பண்ணைப் பாலம் வழியே இரவிலும் வீடு சேர்வர். நயினாதீவாருக்கும் நெடுந்தீவாருக்கும் நாடகம் முடியும் வேளையில் கடைசிப் படகு போய்விட்டிருக்கும். ஆதலின் சீட்டு வாங்குமுன்னரே இரவு தங்கும் வீட்டை உறுதி செய்துகொள்ள வேண்டும். பாடசாலைகள் மாணவரைக் கூட்டிச் செல்வதாயின், பகற்காட்சி ஒன்று வைக்க இயலுமா என்று நாடகக் குழுவினருக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம். நாற்பது பிள்ளைகள் ஒருங்கே வருவார்கள் எனின், காட்சி நேரத்தை மாற்றவும் கட்டணத்தைக் குறைக்கவும் பல குழுக்கள் மனமிசையும்.